வாசகர் கேள்வி – பதில்: க்ளாடியா கார்டினாலேயின் குரல்

கேள்வி: க்ளாடியா கார்டினாலே தம் தொடக்க காலப் படங்களில் சொந்தக் குரலில் பேசவில்லை என்கிறார்களே, இத்தாலிய நடிகைக்கு இத்தாலிய மொழியிலேயே இரவல் குரல் எதற்கு?

பதில்: பெயரளவில் இத்தாலியர்தான் என்றாலும், 1938இல் அவர் பிறந்தது பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த துனிஸ் நகரில். சிசிலி வழிவந்த குடும்பம் என்பதால் வீட்டில் சிசிலிப் பேச்சும் பள்ளியில் பிரெஞ்சும் புழங்கின. திரைக்கு வேண்டிய திருத்தமான இத்தாலியம் அவருக்குப் பிற்பாடு கற்றுக்கொண்ட மொழியே. 1957இல் துனிஸில் நடந்த அழகிப் போட்டியில் வென்று, அதன் பரிசாக வெனிஸ் திரைப்பட விழாவுக்குச் சென்றவரைத் திரைத்துறையினர் சூழ்ந்துகொண்டனர். மறு ஆண்டே மரியோ மோனிச்செல்லியின் நகைச்சுவைப் படமொன்றில் சிறிய வேடம் கிடைத்தது. அக்கால இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிக்கூடத்தில் வசனத்தைச் சேர்ப்பதே வழக்கம் என்பதால், முகம் ஒருவருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் இருப்பதை யாரும் குறையாகக் கருதவில்லை. கார்டினாலேயின் குரலோ சற்றுக் கரகரத்தது, பிரெஞ்சுச் சாயல் படிந்தது. தயாரிப்பாளர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் இத்தாலிய இயக்குநர் ஃபெடெரிகோ ஃபெலினி. 1963இல் வெளிவந்த 'எட்டரை' படத்தில் கார்டினாலேயைச் சொந்தக் குரலிலேயே பேசவிட்டார். கதாநாயகனான இயக்குநர், தான் எடுக்கவிருக்கும் படத்தின் நாயகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வர, அந்த நாயகனுக்கு அன்பு செலுத்தத் தெரியாது என்ற ஒரே பதிலைக் கார்டினாலே மூன்று முறை சொல்லும் இரவுக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல், லேசான சிரிப்போடு அந்தக் கரகரத்த குரல் வரும்போது, மெருகேறிய இரவல் குரல் எதுவும் அந்த இடத்தில் எடுபட்டிருக்காது என்பது புரியும். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் அவர் நடித்த, இயக்குநர் விஸ்கோந்தியின் 'சிறுத்தை' படத்தில் குரல் வேறொருவருடையது. இரண்டு படப்பிடிப்புகளுக்கும் நடுவே, ஓர் இயக்குநருக்குக் கருங்கூந்தலும் மற்றவருக்கு வெளிர்நிறக் கூந்தலும் வேண்டுமென்று முடிச்சாயத்தை வேறு மாற்றிக்கொண்டிருந்தார்.

கேள்வி: ஹாலிவுட் அவரை ஏன் நிரந்தரமாகத் தக்கவைத்துக்கொள்ளவில்லை?

பதில்: அவர்தான் அங்கே தங்க விரும்பவில்லை. பெரிய நிறுவனமொன்றோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ள மறுத்து, படத்துக்குப் படம் ஒப்புக்கொள்வதையே மேற்கொண்டார். 'பிங்க் பாந்தர்' படத்தில் அவருக்காக ஆங்கிலம் பேசியவர் பாடகி கேல் கார்னெட். கடல் கடந்தும் இரவல் குரல் அவரை விடவில்லை.

கேள்வி: அவர் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில்: என்னைக் கேட்டால், 1968இல் செர்ஜியோ லியோனே எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்'. துப்பாக்கி ஏந்திய ஆண்களே ஆளும் 'வெஸ்டர்ன்' படவகையில், கதையின் மையத்தில் ஒரு பெண் நிற்பது அன்று அரிது. வரவேற்க ஒருவரும் இல்லாத ரயில் நிலையத்தில், கடிகாரத்தையும் நடைமேடையையும் பார்த்தபடி காத்திருக்கும் ஜில் என்ற அந்தப் பெண், ஒரு சொல்லும் பேசாமலே நம்பிக்கையிலிருந்து ஐயத்துக்கும், ஐயத்திலிருந்து முடிவெடுக்கும் துணிவுக்கும் நகர்வதை அந்த முகத்திலேயே படித்துவிடலாம்.