பெரிய கோவில் வீடியோ: பேத்திக்கு எது, பேரனுக்கு எது, தாத்தாவுக்கு எது?

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு, மகன் பத்தாம் வகுப்பு. மாமனாரும் எங்களோடு இருக்கிறார். விடுமுறையில் தஞ்சாவூர் போகிறோம் என்றதும் மூவரும் யூடியூபில் பெரிய கோவில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். கோபுர நிழல் தரையில் விழாது என்கிறது ஒன்று, விழும் என்கிறது இன்னொன்று. யாருக்கு எதைக் காட்டுவது, எதை நம்புவது?

பதில்: முதலில் நிழல். அது தரையில் விழும். காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேலே எழும் அந்தப் பெரிய கோபுரத்துக்கு, பின்னால் மேற்குப் பக்கம் போய் நின்றால் நிழலுக்குள்தான் நிற்பீர்கள். விமானம் அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தஞ்சாவூரில் நண்பகல் வெயில் கிட்டத்தட்ட நேர் மேலிருந்து இறங்கும். டிசம்பரிலோ நண்பகலில்கூட நிழல் வடக்கே தரையில் நீண்டு கிடக்கும்.

மகளுக்கு இதையே விளையாட்டாக்கிவிடுங்கள். ஓர் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி மேசையில் நிறுத்தி, செல்போன் டார்ச்சை நேர் மேலே பிடியுங்கள். நிழல் வெளியே வராது. டார்ச்சை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் நிழல் எட்டிப் பார்க்கும். அந்த வயதுக்கு வீடியோ சின்னதாக, ஒரே விஷயத்தைச் சொல்வதாக இருந்தால் போதும். அரச வம்சப் பட்டியல் வேண்டாம். மக்கள் என்ன சாப்பிட்டார்கள், கல்லை எப்படி இழுத்தார்கள் என்பது போதும். சோழர் காலத்துச் சமையலறை என்று காட்டி அதில் மிளகாய் வற்றலோ தக்காளியோ இருந்தால், அந்த வீடியோவை அப்படியே மூடிவிடாதீர்கள். அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492-க்குப் பிறகு வந்தவை என்று சொல்லி, வேறு என்ன தப்பு இருக்கிறது என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

மகனுக்கு வேறு அளவுகோல். பத்தாம் வகுப்புப் பையனுக்கான வீடியோ ‘இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரிய கோவிலில் அந்தப் பதில் சுவரிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில்கூட இதைக் கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் தலபுராணக் கதை வழக்கில் இருந்தது. கட்டியவர் முதலாம் ராஜராஜன் என்பது ஹூல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் அங்குள்ள எழுத்துகளைப் படித்த பிறகுதான் உறுதியானது. தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறார் ராஜராஜன். அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செம்புக் கலசம் கொடுத்தது, தன்னுடைய இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில் 275-ஆம் நாள். அதாவது 1010.

என்னை இன்றும் நிறுத்தி வைப்பது இன்னொரு கல்வெட்டு. சோழநாட்டின் பல கோவில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோவிலில் ஆடிப்பாடிய பெண்களின், பெயர்கள் அதில் இருக்கின்றன. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் குறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெருவை வீடு வீடாக நமக்குக் காட்டும் ஆவணம் அது. இதைச் சொல்லாமல் ட்ரோன் காட்சியும் பின்னணி இசையுமாக இருபது நிமிடம் ஓட்டும் வீடியோவால் உங்கள் மகனுக்கு ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் மாமனார். பெரியவர்களுக்கு வரும் வீடியோக்களில் பெருமை தூக்கலாக இருக்கும். எண்பது டன் ஒரே கல்லை உச்சியில் ஏற்றினார்கள் என்பதை அவரும் பார்த்திருப்பார். மேலே இருப்பது ஒரே கல் இல்லை, துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தியது. இதனால் பெருமை ஒன்றும் குறையாது. ஏறத்தாழ இருநூறு அடி உயரத்தில் துண்டுகளை இடைவெளி தெரியாமல் சேர்ப்பது லேசான வேலையா?

பெரியவர்களுக்கான வீடியோவைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ராஜராஜன் காலத்துக் கோவில் என்று அனிமேஷன் காட்டுகிறதா? அதில் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்தவர் சரியாகப் படிக்கவில்லை. அந்த நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் அப்படித்தான். அம்மன் சன்னதியும் பிற்காலச் சேர்க்கை. கருவறையைச் சுற்றிய சோழர் ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் இருந்தவை 1931-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்று பிரித்துச் சொல்லும் வீடியோவை மாமனாருக்குப் போட்டுக் கொடுங்கள். தப்பு என்று நேரடியாகச் சொல்ல வேண்டாம். “மாமா, காலையிலேயே போய் நிழலைப் பார்த்துவிடலாமா?” என்று கேளுங்கள், போதும்.

கோவிலுக்குப் போனதும் மகனை அடித்தளத்துக் கல்வெட்டின் முன்னால் கொஞ்ச நேரம் விடுங்கள். அது தமிழ் எழுத்துதான். ட, ப, ம மூன்றும் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், உற்றுப் பார்த்தால் பிடிபடும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியிலேயே திணறிவிடுவான்.