எபிக்குரஸும் அவருடைய தோட்டத்து மாணவர்களும்: கேள்வி பதில்

கேள்வி: பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்குரஸ் என்றால் உண்டு களித்திருக்கச் சொன்னவர் என்றுதான் கல்லூரியில் படித்தேன். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, ஐயா?

பதில்: அந்த வசையில் ஒரு பங்கு அவருடைய பழைய மாணவர் ஒருவரிடமிருந்தே வந்தது. நெருங்கிய சீடரான மெட்ரோடோரஸின் உடன்பிறந்தவர் திமோக்ரட்டீஸ், பள்ளியை விட்டு விலகிய பின், எபிக்குரஸ் மிதமிஞ்சித் தின்று நாள்தோறும் இருமுறை வாந்தியெடுப்பவர் என்று எழுதினார். போட்டித் தத்துவப் பள்ளியான ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த டயோட்டிமஸ் என்பவர் ஆபாசமான 50 கடிதங்களை எழுதி, அவற்றை எபிக்குரஸின் தலையில் கட்டினார். ஆனால் மெனோய்க்கியஸுக்கு எபிக்குரஸ் எழுதிய கடிதமோ, இன்பம் என்பது குடியும் விருந்தும் அல்ல, உடலில் வலியின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையுமே என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. விரும்பும்போது விருந்துண்ண ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பரிடம் கேட்டவர் அவர். பெருந்தீனிக்காரர் கேட்கும் பொருளா அது?

கேள்வி: அவருடைய முதன்மையான மாணவர்கள் யார் யார்? அவருக்குப் பின் பள்ளியை நடத்தியவர் யார்?

பதில்: கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்த எபிக்குரஸ், ஏதென்ஸில் குடியேறி, தம் பள்ளி இயங்கிய தோட்டத்தை வாங்கும் முன்பே மிட்டிலீனியிலும் லாம்ப்சாக்கஸிலும் கற்பித்தார். பள்ளியின் தூண்களாக விளங்கியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்களில் கிடைத்தவர்களே. ஹெர்மார்க்கஸ் மிட்டிலீனிக்காரர். மெட்ரோடோரஸ், கணித அறிஞர் பொலியேனஸ், இடோமெனியஸ், கொலோட்டஸ், லியோன்டியஸ், அவர் மனைவி தெமிஸ்டா ஆகியோர் லாம்ப்சாக்கஸைச் சேர்ந்தவர்கள். மெட்ரோடோரஸ் ஆசிரியருக்கு ஏறத்தாழ ஏழாண்டுகள் முன்னரே இறந்துவிட்டதால், தலைமை ஹெர்மார்க்கஸிடம் சென்றது.

எபிக்குரஸின் உயில் முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அவருடைய தத்துவ நூல்களுக்கு நிகராக அதை மதிக்கிறேன். ஹெர்மார்க்கஸ் வெளியூரார் என்பதால் ஏதென்ஸில் நிலவுரிமை பெற முடியாது. எனவே சொத்தை இரண்டு ஏதென்ஸ் குடிமக்களின் பெயரில் எழுதிவைத்து, தோட்டத்தில் ஹெர்மார்க்கஸும் தோழர்களும் தொடர்ந்து வாழ வழிசெய்தார். இறந்துபோன மெட்ரோடோரஸின் பிள்ளைகளையும் பொலியேனஸின் மகனையும் பராமரிக்க வேண்டும், மெட்ரோடோரஸின் மகளுக்கு உரிய வயதில் சீர் கொடுத்து மணம் செய்விக்க வேண்டும், மாதந்தோறும் 20ஆம் நாள் தம்மையும் மெட்ரோடோரஸையும் நினைத்துத் தோழர்கள் கூட வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்திருக்கிறார். நட்பைப் பற்றி அவர் எழுதியதை இவ்வளவு நடைமுறையாக வேறெங்கும் காண முடியாது.

கேள்வி: பெண்களும் அடிமைகளும் அங்கே படித்தது உண்மையா?

பதில்: உண்மைதான். மீஸ் என்ற அடிமை அவருடன் தத்துவம் பயின்றார். உயில் அவரை விடுதலை செய்கிறது. லியோன்டியன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃப்ராஸ்டஸையே மறுத்து எழுதினார். ஒரு கணிகைக்கு இவ்வளவு துணிவா என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ பிற்காலத்தில் எரிச்சலோடு கேட்டாலும், லியோன்டியனின் கிரேக்க நடை நன்றாக இருந்ததை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: சமகாலத்தவர்களில் யாரோடெல்லாம் அவருக்குத் தொடர்பு இருந்தது?

பதில்: நாடகாசிரியர் மெனாண்டர் அவருக்கு ஒத்த வயதினர், இருவரும் ஏதென்ஸில் ஒரே காலத்தில் இளைஞர் படைப்பயிற்சி பெற்றனர். ஸ்டோயிக் பள்ளியை நிறுவிய ஜீனோவும் அதே நகரில் கற்பித்தார். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற டெமோக்ரிட்டஸின் அணுக்கொள்கையைத் தமக்குக் கற்பித்த நௌசிஃபனீஸை எபிக்குரஸ் ஏளனமாகவே குறிப்பிட்டார். ஆசிரியக் கடன் என்பதை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. இது அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

கேள்வி: மாணவர்கள் அவர் கொள்கையை மாற்றினார்களா?

பதில்: மிகக் குறைவாகவே. அரிஸ்டாட்டிலின் பள்ளியில் தியோஃப்ராஸ்டஸும் ஸ்ட்ராட்டோவும் ஆசானோடு முரண்பட்டு ஆய்வை முன்னெடுத்தார்கள்; தோட்டத்திலோ ஆசானின் சுருக்கங்களை மனனம் செய்வதே பயிற்சி. இதனால் புதிய சிந்தனை குறைந்தது, கொள்கை சிதையாமல் நீண்ட காலம் நின்றது. அவருடைய 37 சுருள்கள் கொண்ட ‘இயற்கை பற்றி’ என்ற பெருநூல் பெரும்பாலும் அழிந்துவிட்டபோதிலும், கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் லத்தீனில் பாடிய நூலைக் கொண்டு எபிக்குரஸின் இயற்பியலை நம்மால் மீட்டெடுக்க முடிகிறது. அந்த நூலின் படியொன்றை 1417இல் இத்தாலிய அறிஞர் போஜியோ பிராச்சோலினி கண்டெடுத்தார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்தின் மாளிகை ஒன்றிலும் கருகிய சுருள்களிடையே ‘இயற்கை பற்றி’யின் துணுக்குகள் கிடைத்தன.

கேள்வி: மார்க்ஸ் இவரைப் பற்றி எழுதியிருக்கிறாராமே?

பதில்: ஆம், 1841இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடே டெமோக்ரிட்டஸ், எபிக்குரஸ் இருவரின் இயற்கைத் தத்துவங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றியதுதான். அணுக்கள் நேர்வழியிலிருந்து சற்றே விலகும் என்ற எபிக்குரஸ் தரப்பின் கருத்தைச் சிசரோ முதலியோர் சிறுபிள்ளைத்தனம் என்று நகைத்தனர். மார்க்ஸோ, எல்லாம் கட்டாயத்தின்படியே நிகழும் என்ற டெமோக்ரிட்டஸின் பிடியை உடைப்பது அந்த விலகலே என்று கண்டு, எபிக்குரஸின் பக்கம் நின்றார்.