தோஹாவில் கோட்டைத் தாண்டிய பந்து: ஒரு முன்னாள் நடுவரின் கேள்வி பதில்

2024 ஜூன் 11 அன்று தோஹாவின் ஜாசிம் பின் ஹமத் அரங்கில் கத்தாருக்கு எதிராக நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில், 37-ஆவது நிமிடத்தில் லல்லியன்சுவாலா சாங்டே அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. 73-ஆவது நிமிடத்தில் யூசுஃப் அய்மனும் 85-ஆவது நிமிடத்தில் அகமது அல் ராவியும் கோல் அடிக்க, 1-2 என்று நாம் தோற்று வெளியேறினோம். கத்தாரின் முதல் கோலுக்கு முன்பே பந்து வெளியே போய்விட்டது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. சென்னை லீக் ஆட்டங்களில் பல ஆண்டுகள் கொடி பிடித்தும் விசில் ஊதியும் பழகியவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, பந்து உண்மையிலேயே வெளியே போனதா? கத்தார் ரசிகர்கள் இல்லை என்று சாதிக்கிறார்களே?

போனது. ஃப்ரீ கிக்கிலிருந்து வந்த பந்தை அய்மன் தலையால் முட்டினார். நம் கோல் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து அதைத் தடுத்துக் கீழே விழுந்தார். அவரைத் தாண்டி உருண்ட பந்து, கம்பத்துக்கு வெளிப்புறமாகக் கோல் லைனைக் கடந்தது. அங்கிருந்து ஹாஷ்மி அல் ஹுசைன் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, அய்மன் வலைக்குள் தள்ளினார். ஆட்ட விதி 9 சொல்வது ஒன்றுதான்: தரையிலோ காற்றிலோ பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால் அது ஆட்டத்தில் இல்லை. கோட்டின் அகலமும் ஆடுகளத்தைச் சேர்ந்ததே என்பதால், பந்தின் ஓரம் கோட்டின் வெளி விளிம்புக்கு மேலே துளியளவு நீண்டிருந்தாலும் அது உள்ளே இருப்பதாகவே கொள்ள வேண்டும். தோஹாக் காணொளியில் அப்படிப்பட்ட இழுபறிக்கே இடமில்லை. பந்து முழுவதுமாக வெளியே இருந்தது தெளிவாகத் தெரிகிறது.

இதோடு ஒப்பிட வேண்டிய ஆட்டம் 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் அடித்த இரண்டாவது கோல். மிட்டோமா திருப்பி அனுப்பிய பந்து பக்கவாட்டுப் படங்களில் வெளியே போனதாகவே தோன்றியது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு கோட்டின் மேல் இருந்தது. அந்தக் கோல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று, அது சரியான தீர்ப்பும்கூட. கோணம் மாறினால் உண்மை மாறியது போலத் தோன்றும் என்பதால், ஒரே ஒரு படத்தை வைத்து வாதாடுபவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. தோஹா விஷயத்தில் நான் பல கோணங்களையும் பார்த்த பின்பே இதைச் சொல்கிறேன்.

கேள்வி (வடசென்னை): அப்படியானால் நமக்குக் கோல் கிக் கிடைத்திருக்க வேண்டும், இல்லையா சார்?

இல்லை. கடைசியாகப் பந்தைத் தொட்டவர் குர்பிரீத். ஆகவே சரியான முடிவு கத்தாருக்குக் கார்னர் கிக். நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு கார்னரைத் தடுத்து முன்னிலையைக் காக்கும் வாய்ப்பு. அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் இழப்பின் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): கோட்டருகே நிற்க வேண்டிய துணை நடுவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்?

ஃப்ரீ கிக் அடிக்கப்படும்போது துணை நடுவர் கோல் லைனில் நிற்பதில்லை. ஆஃப்சைடு பார்ப்பதற்காகக் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரின் நேரே நிற்க வேண்டும் என்பது அவருக்கான கட்டளை. பந்து பறந்து வந்து, முட்டி, தடுக்கப்பட்டு, கோட்டைக் கடக்கும் சில நொடிகளுக்குள் அவர் ஆஃப்சைடு கோட்டிலிருந்து கோல் லைன் வரை ஓடி வந்து சேர வேண்டும். ஓட்டத்தின் நடுவில், கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பந்து உள்ளே கிடக்கிறதா வெளியே கிடக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு கம்பம், கீழே கிடக்கும் கோல் கீப்பர், நாலைந்து ஜோடிக் கால்கள் எல்லாம் பார்வையை மறைக்கும். நடுவர் கிம் வூ-சங்கோ பெனால்டி பகுதியில் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்க்கும் இடத்தில் இருந்திருப்பார். அங்கிருந்து கோல் லைனை அளப்பது மனிதரால் இயலாத காரியம்.

இதைச் சொல்வதால் அவர்களை விடுவிக்கிறேன் என்று பொருளில்லை. இந்த நிலையில் ஆட்டத்தை நடத்துவது அவர்களுடைய தொழில். அதில் அன்று தவறினார்கள். தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அதை எப்படித் தடுப்பது என்று பேச முடியும்.

கேள்வி (சேலம்): நம் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் முறையிட்டார்கள். உடனே முடிவை மாற்றியிருக்க முடியாதா?

மாற்றியிருக்கலாம், ஆனால் கிக் ஆஃப் எடுப்பதற்குள். விதி 5-இன்படி ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், முந்தைய முடிவு தவறு என்று நடுவரே உணர்ந்தாலும் திரும்ப முடியாது. அந்த இடைவெளியில் துணை நடுவரோ நான்காவது நடுவரோ தம் கண்ணால் கண்டதைச் சொல்லியிருந்தால் கோல் ரத்தாகியிருக்கும். அரங்கத் திரையிலோ கைப்பேசியிலோ பார்த்துச் சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது. விஏஆர் (காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறை) இல்லாத ஆட்டத்தில் காணொளி என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துத்தான் நடுவர் முடிவெடுக்க வேண்டும். உலகமே திரையில் பார்த்துவிட்ட ஒன்றை, முடிவெடுக்கும் ஒருவர் மட்டும் பார்க்கக் கூடாது என்ற இந்த நிலையை எத்தனை முறை நினைத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி (புதுச்சேரி): தவறு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஆட்டத்தை மீண்டும் நடத்தச் சொல்லி ஃபிஃபா ஏன் உத்தரவிடவில்லை? நம் கூட்டமைப்பு புகார் கொடுத்ததே?

கொடுத்தது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு விசாரணை கேட்டுக் கடிதம் எழுதியது, முடிவு மாறவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடுவரின் தவறுகள் இரண்டு வகை. பந்து கோட்டைத் தாண்டியதா, கை பட்டதா, கால் தட்டியதா என்பவை நிகழ்வு பற்றிய தீர்ப்புகள். இவற்றில் நடுவரின் சொல்லே இறுதி என்று விதியே சொல்கிறது. நிகழ்வைச் சரியாகப் பார்த்துவிட்டு, அதற்குரிய விதியைத் தவறாகப் பிரயோகிப்பது இரண்டாவது வகை. ஆட்டத்தை மறுபடி நடத்த இடமிருந்தால் அது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

அதற்கு எடுத்துக்காட்டு 2005 செப்டம்பரில் தாஷ்கந்தில் நடந்த உஸ்பெகிஸ்தான் - பஹ்ரைன் ஆட்டம். அதுவும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுதான். 1-0 என்று முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தான் ஒரு பெனால்டியைக் கோலாக்கியது. உதைக்கும் முன்பே அந்த அணியின் இன்னொருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டதைக் கண்ட ஜப்பானிய நடுவர், பெனால்டியை மறுபடி எடுக்கச் சொல்வதற்குப் பதிலாக பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். நடந்ததைச் சரியாகப் பார்த்தார், விதியைத்தான் தவறவிட்டார். உஸ்பெகிஸ்தான் 1-0 என்று வென்றும் மனநிறைவு இல்லாமல் புகார் செய்தது. ஃபிஃபாவோ ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி நடத்தியது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0. எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் பஹ்ரைன் மேலே போனது. கையிலிருந்த வெற்றியை நியாயமான ஒரு புகாரால் இழந்த அந்த அணியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

தோஹாவில் நடந்தது முதல் வகை. பந்து உள்ளே இருந்ததாக நடுவர் கருதினார். அப்படிக் கருதிய பின் கோல் கொடுத்தது விதிப்படி சரி. ஆகவே நம் புகார் எவ்வளவு உண்மையானாலும் அது வெல்லக் கூடிய புகார் அல்ல.

கேள்வி (துபாயில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர்): நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று எங்கள் அறையில் எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது, அதனாலேயே அந்தச் சொல்லைச் சும்மா வீசக் கூடாது என்கிறேன். 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா - செனகல் தகுதிச் சுற்று ஆட்டத்தில், காலிடு குலிபாலியின் முழங்காலில் பட்ட பந்துக்குக் கையில் பட்டதாகச் சொல்லிப் பெனால்டி கொடுத்தார் கானா நாட்டு நடுவர் ஜோசப் லாம்ப்டி. பந்தயச் சந்தையின் போக்கை ஆராய்ந்து, ஆட்டத்தின் முடிவை அவர் திட்டமிட்டு மாற்றினார் என்று கண்டறிந்த ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆட்டம் 2017-இல் மறுபடி நடந்து செனகல் வென்றது. அங்கே நிரூபணம் இருந்தது. தோஹா விஷயத்தில் கோபத்தைத் தவிர நம் கையில் ஒன்றுமில்லை. தவறாகப் பார்த்த ஒருவரை ஆதாரமில்லாமல் திருடன் என்பதும், அவருடைய நாட்டையே இழுத்துத் திட்டுவதும் நமக்கு நேர்ந்த அநியாயத்தைவிடச் சிறிய அநியாயம் இல்லை. உங்கள் அறை நண்பர்களிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): விஏஆர் இருந்திருந்தால்?

கோல் ரத்தாகியிருக்கும். கோலுக்கு வழிவகுத்த நகர்வில் பந்து வெளியே போனதா என்பது விஏஆர் பார்க்க வேண்டிய விஷயங்களில் ஒன்று. அந்தச் சுற்றில் அது வைக்கப்படவில்லை. வீட்டுத் திரையில் பார்ப்பவருக்குக் கிடைத்த படம் நடுவருக்குக் கிடைக்கவில்லை. நம் சினம் முழுவதும் இங்கேதான் போய்ச் சேர வேண்டும் என்பது என் கருத்து. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லம்பார்டு அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தும் கோல் மறுக்கப்பட்டது. அதன்பின் எழுந்த அழுத்தம்தான் 2012-இல் கோல் லைன் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் பெற்றுத் தந்தது. பெரிய அணிகளுக்கு நேர்ந்தால்தான் விதி நகரும் என்றில்லாமல், ஆசியாவின் எல்லாச் சுற்றுகளிலும் குறைந்தபட்சம் கோட்டைப் பார்க்கும் கேமராவாவது வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி (பாலக்காட்டுத் தமிழர்): எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் 2023-இல் செய்தது போல இந்திய அணியும் வெளிநடப்பு செய்திருக்கலாமே?

கூடாது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில், கூடுதல் நேரத்தில் எதிரணியான பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி விரைந்து எடுத்த ஃப்ரீ கிக் கோலானது. தடுப்புச் சுவர் அமையும் முன்பே உதைக்க நடுவர் விட்டிருக்கலாமா என்பதுதான் அன்றைய வழக்கு. உதைப்பவர் விரும்பினால் விரைந்து எடுக்கலாம். சுவரைப் பின்னுக்குத் தள்ள நடுவர் முனைந்துவிட்டால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதில் பிளாஸ்டர்ஸ் பக்கம் வாதம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது; ஒரு கோல் அடித்தால் சமன். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை அழைத்துக்கொண்டு வெளியேறியதால் வாதமும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் வந்து சேர்ந்தன. தோஹாவில் நம்மவர்கள் நின்று ஆடியது சரி.

கேள்வி (கோயம்புத்தூர்): விசில் வராமல் நம்மவர்கள் ஏன் ஆட்டத்தை நிறுத்தினார்கள்? அது அவர்கள் தவறு இல்லையா?

ஓரளவு தவறுதான். ஆனால் பந்து வெளியே போனதைக் கண்ணெதிரே பார்த்தவரின் உடல் தானாகத் தளரும். அதைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (திருநெல்வேலி): அந்தக் கோல் மறுக்கப்பட்டிருந்தால் நாம் மூன்றாவது சுற்றுக்குப் போயிருப்போம் அல்லவா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். 1-0 என்று வென்றிருந்தால் நமக்கு 8 புள்ளிகள். இரண்டாவது இடத்துக்கு நம்மோடு போட்டியிட்டு, ஆப்கானிஸ்தானை 1-0 என்று வென்ற குவைத்துக்கு 7. போயிருப்போம். ஆனால் முதல் கோலை மட்டும் நீக்கிவிட்டு அல் ராவியின் கோலை அப்படியே வைத்தால் ஆட்டம் 1-1. நமக்கு 6 புள்ளிகள், அது போதாது. அந்தக் கோலால் ஆட்டத்தின் போக்கே மாறியது, இல்லையென்றால் இரண்டாவது கோலும் விழுந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை.

நிரூபிக்கத் தேவையே இல்லாதது இது: குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம், சவுதி அரேபியாவின் அபாவில் அதே அணியுடன் 0-0, கொல்கத்தாவில், சேத்ரியின் கடைசி ஆட்டம் என்று அப்போது அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டத்தில், குவைத்துடன் 0-0. ஆறு ஆட்டங்களில் நாம் அடித்தவை மூன்றே கோல்கள். தோஹாவில் கத்தார் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல் இறங்கியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு அநியாயம் நடந்தது உண்மை. ஒரே ஒரு முடிவை நம்பி நிற்கும் நிலைக்கு நாமாகவே வந்து சேர்ந்திருந்தோம் என்பதும் உண்மை.

கேள்வி (காரைக்குடி): பந்தை உள்ளே இழுத்த கத்தார் ஆட்டக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லியிருந்தால் கிக் ஆஃபுக்கு முன் நடுவர் முடிவை மாற்றியிருக்கலாம். 2012-இல் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் லாட்சியோவின் மிரோஸ்லாவ் குளோசே, தன் கையில் பட்டுத்தான் பந்து உள்ளே போனது என்று தானே நடுவரிடம் ஒப்புக்கொண்டார். கோல் ரத்தானது, அவருடைய அணி தோற்றது. ஆனால் அப்படிச் சொல்லும்படி எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அல் ஹுசைனிடம் அதை எதிர்பார்ப்பவர்கள், நம் ஆட்டக்காரர் ஒருவர் அதே இடத்தில் இருந்தால் என்ன எதிர்பார்த்திருப்போம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி, பள்ளி அளவிலான ஆட்டங்களின் துணை நடுவர்): கேமராவே இல்லாத எங்கள் மைதானங்களில் இது நேராமல் இருக்க என்ன செய்யலாம் சார்?

உங்கள் கேள்விக்கு மகிழ்ச்சி. ஃப்ரீ கிக் உதைக்கப்பட்ட அடுத்த நொடியே ஆஃப்சைடை மனத்தில் குறித்துக்கொண்டு கோல் லைனை நோக்கி முழு வேகத்தில் ஓடுங்கள். பந்து என்ன ஆகிறது என்று நின்று பார்க்காதீர்கள். வெளியே போன பந்து மறுபடி உள்ளே வந்துவிட்டால், கார்னரைக் காட்டும் முன் முதலில் கொடியை நேராக உயர்த்துங்கள். கோலே விழுந்தாலும், நடுவர் மையத்தை நோக்கித் திரும்பிவிட்டாலும், அவர் உங்களைப் பார்க்கும் வரை அந்தக் கொடி இறங்கக் கூடாது. கிக் ஆஃபுக்கு முன் அவர் ஒருமுறை உங்கள் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.