வாசலில் கிடந்த எலுமிச்சம்பழமும் ஆவிக்குரிய போராட்டமும்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "மூன்று மாதமாகக் குடும்ப ஜெபம் செய்கிறோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். மாமியாருக்கு முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை. போன வாரம் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. பக்கத்து வீட்டு ஓரகத்தி மேல்தான் சந்தேகம், பேச்சை நிறுத்திவிட்டேன். வெளியூர் ஊழியர் ஒருவர், வீட்டில் செய்வினைக் கட்டு இருக்கிறது, முறிக்க ஐயாயிரம் காணிக்கை வேண்டும் என்கிறார். எது பிசாசின் போராட்டம், எது சாதாரணக் கஷ்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

சகோதரி, பிசாசு உண்டு, போராட்டமும் உண்டு. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஐந்தாறு விஷயங்களில் ஒன்றில்தான் அவனுடைய கை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது எலுமிச்சம்பழம் இல்லை. அதைப் பார்த்த நொடியில் ஓரகத்தியின் முகம் உங்கள் மனதில் வந்ததே, அதுதான்.

எபேசியர் 6:12 நமக்குப் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்றுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் ஓரகத்தி மாம்சமும் இரத்தமும் உள்ள ஒரு மனுஷி. அவர்கள் பழத்தை வைத்ததை நீங்கள் பார்க்கவில்லை. ஒருவேளை யாராவது வைத்திருந்தாலும், கிறிஸ்துவுக்குள் இருக்கிற உங்களை ஒரு பழம் ஒன்றும் செய்யாது. எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஆனால் சாட்சியே இல்லாத ஒரு சந்தேகம் ஒரு வாரமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறது. பொய்க்குப் பிதா என்று இயேசு சொன்னவனுக்கு இதைவிடச் சுலபமான வேலை வேறென்ன?

அதனால் ஒரு சம்பவம் எவ்வளவு விநோதமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது உங்களை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். ஜெபத்தை விட்டு, சபையை விட்டு, பக்கத்தில் இருப்பவர்களை விட்டு விலக்குகிற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே விழித்துக்கொள்ளுங்கள். உள்ளே கேட்கிற குரலையும் கவனியுங்கள். பரிசுத்த ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது, "இன்று காலை அவரிடம் பேசிய அந்த வார்த்தை தப்பு, போய் மன்னிப்புக் கேள்" என்று ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்வார், திரும்பி வர வழியும் காட்டுவார். குற்றஞ்சாட்டுகிறவனாகிய பிசாசு அப்படிப் பேச மாட்டான். "நீ ஜெபித்து என்ன கிழித்தாய், உன் குடும்பம் உருப்படாது" என்பான். எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லாமல் மொத்தமாக அழுத்துவான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து உங்கள் கணவர். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்குகிற மனிதருக்குத் தேவை தூக்கம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது, தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். 1 இராஜாக்கள் 19-ஐ இரண்டு பேருமாகப் படித்துப் பாருங்கள். ஜெபத்தை அவர் வேலைக்குக் கிளம்பும் முன் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், பத்து நிமிஷம் போதும். அசதியில் வருகிற கோபத்தைப் பிசாசு என்று பெயர் வைத்து அவர் முகத்துக்கு நேரே கடிந்துகொள்ளாதீர்கள், அது அவரை இன்னும் தூரமாக்கும். அதே நேரம், அந்தச் சண்டையை ஆறாமல் நாள் கணக்கில் வைத்திருந்தால் கதை வேறு. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று சொன்ன பவுல், அதே மூச்சில்தான் பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்கிறார்.

மாமியார் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஊழியத்துக்கு வந்த புதிதில், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், முதுகு விறைத்துப்போன பெரியவர் ஒருவருக்குச் செய்வினைக் கட்டு என்று நம்பி மாதக்கணக்கில் ஜெபித்தேன். ஒருமுறைகூட அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது தண்ணீரில் கரைந்திருந்த புளோரைடு என்ற உப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் அது அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தெரியும், அளவு கூடக்கூட பெரியவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே பெரிய காரணம். உங்கள் வீட்டில் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்களா? காய்ச்சினால் புளோரைடு போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள், அந்தத் திட்டத்தின் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள், அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கு வயசு உட்பட வேறு காரணங்களும் உண்டு, அதை அவர்தான் சொல்ல வேண்டும். தலையில் கை வைத்து ஜெபிப்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். 14416-க்கு அழைத்தால் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

ஐயாயிரம் கேட்டவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பிசாசுகளைத் துரத்துங்கள் என்று மத்தேயு 10:8-ல் சீஷர்களை அனுப்பிய அதே வசனத்தில்தான் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்றும் இருக்கிறது. உங்களை நன்றாகத் தெரிந்த சபைப் போதகரையும், வயதில் மூத்த ஒரு விசுவாசி அம்மாவையும் வீட்டுக்கு வரச் சொல்லி ஜெபியுங்கள்.

அப்புறம், பிசாசை எதிர்த்து நிற்க அணியச் சொல்லி அதே எபேசியர் 6-ல் பவுல் வரிசையாகச் சொல்கிற சர்வாயுதவர்க்கம். கேடயம், பட்டயம் என்று அடிக்கடி பேசுகிறோம், காலில் போடுகிற பாதரட்சையை மறந்துவிடுகிறோம். அது சமாதானத்தின் சுவிசேஷத்துக்குரியது, நடந்து போவதற்கானது. உங்களுக்கு அது பத்தடி தூரம்தான். இந்த வாரத்திலேயே கொஞ்சம் பலகாரமோ நாலு மாம்பழமோ எடுத்துக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போங்கள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பு மட்டும் கேளுங்கள். போய் வந்ததும் எழுதுங்கள், இரண்டு வீட்டுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.