ஊரில் கழிப்பறை கட்டுகிறோம். செப்டிக் டேங்கா, இரட்டைக் குழியா, எது நல்லது?

தண்ணீர் இறங்குகிற மண், கிணறு 10 மீட்டராவது தள்ளி, நிலத்தடி நீர் நல்ல ஆழத்தில் என்றால் இரட்டைக் குழியே போடுங்கள். உங்கள் கொத்தனார் "அதெல்லாம் கவர்மென்ட் திட்டத்துக்குக் கட்டுறது, டேங்க் போட்டுருங்க" என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் கொத்தனாரும் அதையேதான் சொன்னார், அப்பா கேட்கவில்லை.

கொல்லையில் துளை போட்ட சிமென்ட் உறை இறக்கி இரண்டு குழி, அடியில் பூச்சு கிடையாது. முன்னால் ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து குழிக்கொரு குழாய். ஒன்றை அடைத்து வைத்து மற்றதை ஓட்ட வேண்டும், அது நிறைந்ததும் அடைப்பை மாற்றிவிட்டு இரண்டு வருஷம் அதைத் தொடக்கூடாது. நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், மிச்சம் மக்கிவிடும். எங்கள் குழியைத் திறந்தபோது நானும் நின்றேன். கறுப்பாய், பொலபொலவென்று மண், துளி நாற்றமில்லை. அப்பாவே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போட்டார்.

அதற்கப்புறம் சித்தப்பா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. "நாமளா அதைத் தொடுறது?" என்றார். அவர் வீட்டில் டேங்க். லாரிக் குழாய் உறிஞ்ச முடியாமல் அடியில் கெட்டிப்பட்டுக் கிடப்பதை எடுக்க ஓர் ஆளை இறக்குவார்கள், விஷவாயு தாக்கிச் செத்தவர்களில் பலர் அப்படி இறங்கியவர்கள்தான். 2013-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியும், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா செய்ததும் கையால் மலம் அள்ளுவதுதானே என்று யாராவது கேட்பீர்கள். முழுதாக மக்குவதற்கு முன் அள்ள வைப்பதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கிறது. பீகாரில் பிந்தேஷ்வர் பாதக் என்பவர் 1970-இல் சுலப் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கி இந்த இரட்டைக் குழியைப் பரப்பியதே அந்த வேலையிலிருந்து மனிதர்களை விடுவிக்கத்தான்.

கழிப்பறை இருந்தால் போதாது, கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பார்க்கின்றன. அவர்களுடைய 2022 கணக்கில் அப்படிப் பாதுகாப்பான வசதி இல்லாதவர்கள் சுமார் 350 கோடிப் பேர். டேங்கை உறிஞ்சிக்கொண்டு போய் ராத்திரியில் கண்மாயில் திறந்துவிடுகிற லாரியை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். குழாய் பதிக்கிற அன்றைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், பல கொத்தனார்கள் இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.