கிளைக்கோலிப்பிட்டு: கொல்கியா, சிறுவலையா?

திருகோணமலை உவர்மலையில் உயர்தர உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டியூசன் நோட்டில் கிளைக்கோலிப்பிட்டு அழுத்தமான அகமுதலுருச் சிறுவலையில் உண்டாகிறது என்று இருக்கு, பாடசாலையில் கொல்கி என்கிறார்கள். பல்தேர்வில் எதற்குப் புள்ளடி போடுவது?"

கொல்கிக்கே போடுங்கள். கிளைக்கோலிப்பிட்டு என்பது வெல்லம் இணைந்த இலிப்பிட்டு, அதாவது கொழுப்பு வகை; கொல்கியும் சிறுவலையும் கலத்துக்குள் இருக்கும் மென்சவ்வாலான புன்னங்கங்கள். டியூசன் நோட்டும் முழுப்பிழை இல்லை, பாதி வேலையை மட்டும் சொல்கிறது. விலங்குக் கலங்களில் பெரும்பாலான கிளைக்கோலிப்பிட்டுகள் செராமைட்டு என்ற இலிப்பிட்டின் மேல்தான் கட்டப்படுகின்றன. அந்தச் செராமைட்டை ஆக்கும் நொதியங்கள் சிறுவலை மென்சவ்வில் இருக்கின்றன. ஆனால் வெல்லம் சேராதவரை அது வெறும் இலிப்பிட்டுத்தானே.

முதல் குளுக்கோசைச் சேர்க்கும் நொதியம் கொல்கியில் இருக்கிறது, அதுவும் வேலை செய்யும் பக்கம் குழியவுருவைப் பார்த்தபடி (அதற்குத் தேவையான யூடிபி-குளுக்கோசு, அதாவது சேர்ப்பதற்குத் தயாரான குளுக்கோசு, ஆக்கப்படுவதும் குழியவுருவில்தான்). அப்புறம் அந்த மூலக்கூறு மென்சவ்வுக்குள்ளேயே புரண்டு உட்பக்கம் போகிறது. அடுத்து கலக்டோசு, சியாலிக் அமிலம் என்று சேர்க்கும் நொதியங்கள் எல்லாம் கொல்கியின் உள்ளிடத்தைப் பார்த்தவை, அவற்றுக்கு வேண்டிய வெல்லங்களை உள்ளே எடுத்துவரக் கொல்கி மென்சவ்வில் தனிக் காவிப் புரதங்களும் உண்டு. கொல்கியிலிருந்து புறப்படும் புடகம் கல மென்சவ்வோடு இணையும்போது அதன் உட்பக்கம் கலத்தின் வெளிப்பக்கமாகிவிடும். கிளைக்கோலிப்பிட்டின் வெல்லம் எப்போதும் கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இதனால்தான், சோதனையில் அடிக்கடி கேட்பதும் இதைத்தான்.

கொல்கிக்குள்ளும் இந்த நொதியங்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தைக் கொடுத்தால் கொல்கியின் முற்பகுதி சிறுவலையோடு கலந்துவிடும், கொல்கியின் கடைசி வலைப்பகுதி மட்டும் தனித்து நிற்கும். அப்படிப்பட்ட கலங்களில் ஜிஎம்3 போன்ற எளிய கிளைக்கோலிப்பிட்டுகள் தொடர்ந்து உண்டாக, ஜிஎம்1 போன்ற சிக்கலானவை நின்றுபோயின. அவற்றின் நொதியங்கள் பின்பகுதியில் இருப்பதாக ஆய்வாளர் கணித்தது அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கு, கட்டுரை வினாவுக்கு உதவும்: நரம்பு நார்களைச் சுற்றியுள்ள மயலின் கவசத்தில் நிறைந்திருக்கும் கலக்டோசில்செராமைட்டு. அதன் கலக்டோசைச் சேர்க்கும் நொதியம் சிறுவலையின் உட்பக்கத்தில் இருக்கிறது, சல்பேற்று ஏறுவது மட்டும் கொல்கியில்.

டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் பழுதானது கிளைக்கோலிப்பிட்டை உடைக்கும் நொதியம், அது இருப்பது இலைசோசோமில்; அங்கே கொல்கி என்று எழுதினால் புள்ளி போய்விடும்.