பிரிட்டன், அமெரிக்க வரலாற்றுச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

கேள்வி: "இளங்கலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமூக வரலாற்றுத் தாளுக்காகப் பிரிட்டன், அமெரிக்கா பற்றிய முக்கியச் சொற்களை அகரவரிசையில் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரவு படித்தால் காலையில் மறந்துபோகிறது. எப்படிப் படிப்பது?"

முதலில் அந்த அகரவரிசையை மறந்துவிடுங்கள். தேடி எடுக்க அது உதவும், படிக்க உதவாது. உங்கள் பட்டியலில் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற சொல்லுக்குச் சில வரிகள் கீழே 'ரெஸ்டோரேஷன்' இருக்கும். முன்னது 1865க்குப் பிந்தைய அமெரிக்கா, பின்னது 1660இல் அரியணைக்குத் திரும்பிய இங்கிலாந்து மன்னர். நடுவே இருநூறு ஆண்டுகளும் ஓர் அட்லாண்டிக் கடலும் கிடக்கின்றன. இவற்றை அடுத்தடுத்து வைத்து உருப்போட்டால் மறக்காமல் என்ன செய்யும்?

இந்தத் தாளைக் கல்லூரியில் நடத்துகிறவன் என்ற முறையில் நான் சொல்லும் வழி இதுதான்: ஒரு சண்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாருக்கு ஓட்டு, யாருக்கு இல்லை என்ற சண்டை. உங்கள் பட்டியலில் உள்ள அரசியல் சொற்களில் பெரும்பகுதி இந்த ஒரு சண்டையில் எறியப்பட்ட கற்கள்தான்.

தொடங்க வேண்டிய இடம் ஒரு மேடு. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே இருக்கிறது ஓல்ட் சாரம். ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த ஊர். 13ஆம் நூற்றாண்டில் பேராலயம் கீழே சமவெளிக்கு இடம்பெயர்ந்தது, மக்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். ஊர்தான் போனதே தவிர தொகுதி போகவில்லை. குடியிருப்பவர் என்று சொல்ல ஆளில்லாத அந்த மேடு 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. நிலம் யாருடையதோ அவர் கைகாட்டியவர் உறுப்பினர். இதற்குப் பெயர்தான் 'ராட்டன் பரோ'. நாம் சொத்தைத் தொகுதி என்று வைத்துக்கொள்ளலாம். சஃபோக் கடற்கரையில் டன்விச் என்ற ஊரின் பெரும்பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. அதற்கும் இரண்டு உறுப்பினர்கள்.

ஓல்ட் சாரத்தை வாங்கியவர் யார் தெரியுமா? தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். சென்னையில் இருந்தபோது 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். பட்டை தீட்டிய பிறகு 1717இல் அது பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்கப்பட்டது. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது குடும்பச் சொத்தான ஓல்ட் சாரம் வழியாகத்தான். பிற்காலத்தில் பிரதமர் ஆனார்.

இங்கேயே 'நபாப்' என்ற சொல்லையும் முடித்துவிடலாம். இந்தியாவில் பணம் குவித்துத் திரும்பி, அந்தப் பணத்தில் பண்ணை வீடும் நாடாளுமன்ற இடமும் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை அங்கே அப்படி ஏளனமாக அழைத்தார்கள். ஆற்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே கொழுத்த பால் பென்ஃபீல்ட் இதற்கு நல்ல உதாரணம். நவாப் வட்டி கட்டினார் என்றால், கட்டியது அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் உழவர்கள் என்று பொருள். 1785இல் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். பென்ஃபீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கியவர் என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டு. நம் வயலில் விளைந்தது அங்கே ஓட்டாக மாறியிருக்கிறது. இந்தச் செய்தி உங்கள் தாளில் வருவதில்லை. வரவேண்டும் என்பது என் கட்சி.

இப்போது கடலைத் தாண்டுவோம். 1765இல் முத்திரைச் சட்டம் வருகிறது. பத்திரங்கள், செய்தித்தாள்கள், ஏன் சீட்டுக்கட்டுக்குக்கூட அமெரிக்கக் குடியேற்றங்கள் வரி கட்ட வேண்டும். "எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம்?" என்று அவர்கள் கேட்டார்கள். லண்டன் தந்த பதில்தான் இந்தத் தாளிலேயே மிக முக்கியமான சொல் என்று நான் நினைப்பது: 'விர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன்', மானசீகப் பிரதிநிதித்துவம். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் தனி உறுப்பினர் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் உறுப்பினரும் எல்லோருக்காகவும்தான் பேசுகிறார். ஆகவே உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறார் என்பது வாதம். மான்செஸ்டருக்கு உறுப்பினர் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதுதானே என்று பாஸ்டனின் ஜேம்ஸ் ஓட்டிஸ் திருப்பிக் கேட்டார். அதைவிடச் சுவையானது, 1766 ஜனவரியில் இந்த வாதத்தை நாடாளுமன்றத்திலேயே கிழித்துத் தொங்கவிட்டவர் வில்லியம் பிட். மனிதத் தலைக்குள் புகுந்தவற்றிலேயே மிகக் கேவலமான எண்ணம் இது என்றார். சொத்தைத் தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்றதும் அதே உரையில்தான். ஓல்ட் சாரத்தின் பேரனே சொன்னதால் அந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

பாஸ்டன் தேநீர் விருந்தை (1773 டிசம்பர் 16) இதற்குப் பின் படித்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். வரியை எதிர்த்துக் கடலில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடியவர்கள் 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்பு எழுத உட்கார்ந்தபோது என்ன செய்தார்கள்? 'ஐந்தில் மூன்று உடன்பாடு' செய்தார்கள். ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்று மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடும்போது, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்கலாம். மாணவர்கள் இதை "அடிமையை முக்கால் மனிதனாகக்கூட மதிக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் கத்தி வேறு பக்கம் இருக்கிறது. அடிமைகளை முழு எண்ணாகச் சேர்க்கச் சொன்னவர்கள் எஜமானர்கள். ஓட்டே இல்லாத மனிதர்களின் தலையை எண்ணி, அவர்களை விலைக்கு வாங்கியவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 'எலக்டோரல் காலேஜ்' இடங்களும் இதே கணக்கில்தான் வந்தன. முதல் ஐந்து அதிபர்களில் நால்வர் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்கள்.

மறுபடி இங்கிலாந்து. 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடல். சுமார் 60,000 பேர் சீர்திருத்தம் கேட்டுக் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற படை சொந்த மக்களையும் "வென்றது" என்ற நக்கலில் பிறந்த பெயர் 'பீட்டர்லூ'. 1832 சீர்திருத்தச் சட்டம் 56 சொத்தைத் தொகுதிகளை ஒழித்து, மான்செஸ்டருக்கு இரண்டு இடங்கள் கொடுத்தது. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்ட் வாடகை மதிப்புள்ள வீட்டுக்காரருக்கு ஓட்டு. 'ஆண்' என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதிப் பெண்களை வெளியே நிறுத்தியதும் இதே சட்டம்தான்.

அந்தப் பத்து பவுண்ட்காரர்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் அடுத்துச் செய்த காரியங்களில் ஒன்று 1834 ஏழைகள் சட்டம். உடலில் தெம்புள்ள ஏழைக்கு உதவி வேண்டுமானால் 'ஒர்க்ஹவுஸ்' எனப்படும் உழைப்பு விடுதிக்குள் போக வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். நீங்கள் படிக்கும் விக்டோரியா கால நாவல்களில் இந்த விடுதியின் பெயரைக் கேட்டாலே ஏழைகள் நடுங்குவதன் காரணம் இது. தொழிலாளிக்கு ஓட்டிருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்குமா என்ற கோபம் 1838இல் சாசன இயக்கமாக வெடித்தது. ஆறு கோரிக்கைகள்: வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1839, 1842, 1848 என மூன்று முறை மனு கொடுத்தார்கள், மூன்றும் குப்பைக்குப் போயின. ஆனால் ஆண்டுதோறும் தேர்தல் தவிர மற்ற ஐந்தும் பின்னால் சட்டமாயின. ரகசிய வாக்கெடுப்பு 1872, உறுப்பினர் சம்பளம் 1911, ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு 1918.

பெண்கள் பக்கம் தேர்வில் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: 'சஃப்ரஜிஸ்ட்', 'சஃப்ரஜெட்' வேறுபாடு. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் மனுவும் கூட்டமுமாகப் போனவர்கள் முன்னவர். 1903இல் எமலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய இயக்கத்தில் கண்ணாடியை உடைத்துச் சிறைக்குப் போனவர்கள் பின்னவர். சிறையில் உண்ணாவிரதம் இருந்தால் மெலியும்வரை விட்டு, வெளியே அனுப்பி, தேறியதும் மீண்டும் பிடிக்க 1913இல் ஒரு சட்டம் போட்டார்கள். மக்கள் வைத்த பெயர் 'பூனை எலிச் சட்டம்'. 1918இல் 30 வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆண்களுக்கு நிகராக 21 வயதில் கிடைத்தது 1928இல். அமெரிக்காவில் 1920. அங்கே அரசமைப்புத் திருத்தத்துக்குக் கடைசியாக ஒப்புதல் தேவைப்பட்ட டென்னசி மாநிலத்தில், 24 வயது சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன், ஆதரிக்கச் சொன்ன அம்மாவின் கடிதம் சட்டைப் பையில் இருக்க, எதிர்ப்பிலிருந்து மாறி ஓட்டுப் போட்டார், தீர்மானம் தேறியது. இலங்கையில் ஆண், பெண் இருபாலருக்கும் 21 வயதில் வாக்குரிமை 1931இலேயே வந்தது. ஆனால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் 1948 குடியுரிமைச் சட்டத்தையும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் அடுத்து அதை இழந்தார்கள். ஓட்டு ஒருமுறை வந்தால் நிரந்தரம் என்று யாரும் நினைத்துவிட முடியாது.

அமெரிக்கக் கருப்பினத்தவரின் கதையும் அப்படித்தான். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 முதல் 1877 வரை மறுசீரமைப்புக் காலம், அதாவது 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்'. அடிமைமுறை ஒழிப்பு (1865), குடியுரிமை (1868), நிறம் பார்த்து ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15ஆம் திருத்தம் (1870) எல்லாம் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள். 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கருப்பினத்தவர் செனட்டுக்குள் போனார். 1877இல் தெற்கிலிருந்து மத்தியப் படைகளின் பாதுகாப்பு விலகியது. பிறகு வந்தவைதான் கருப்பினத்தவரை ஒதுக்கிவைத்த 'ஜிம் குரோ' சட்டங்கள்.

இவற்றைப் பலரும் தனி பெஞ்சு, தனி குழாய் என்ற பிரிவினையோடு நிறுத்திவிடுகிறார்கள். வேர் வாக்குச்சாவடியில் இருந்தது. 15ஆம் திருத்தம் நிறத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்கிறதா, சரி, நிறத்தைச் சொல்லாமலே மறுக்கலாம். தலைவரி கட்டிய ரசீது காட்டு. அரசமைப்பின் ஒரு பத்தியைப் படித்து விளக்கு. விளக்கம் சரியா என்பதைப் பதிவு அதிகாரியே முடிவு செய்வார். ஏழை வெள்ளையருக்கும் எழுத்து தெரியாதே, அவர் மாட்டிக்கொள்வாரே? அதற்கு 1898இல் லூசியானா கண்டுபிடித்தது 'கிராண்ட்ஃபாதர் கிளாஸ்', தாத்தா விதி. 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ உங்கள் தகப்பனாருக்கோ தாத்தாவுக்கோ ஓட்டிருந்தால் உங்களுக்குத் தேர்வு வேண்டாம். அந்தத் தேதியில் லூசியானாவில் எந்தக் கருப்பினத்தவருக்கும் ஓட்டில்லை! விதியில் 'கருப்பு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 1896இல் அங்கே பதிவான கருப்பின வாக்காளர்கள் 1,30,000க்கு மேல். 1904இல் ஏறத்தாழ 1,300. தாத்தா விதியை உச்ச நீதிமன்றம் 1915இல் ரத்து செய்தது. மற்ற தந்திரங்கள் சாக, அலபாமாவின் செல்மா நகரில் போலீஸ் தடியடி வாங்கிய ஊர்வலமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் தேவைப்பட்டன.

ஓட்டை மறுக்க முடியாதபோது அதைச் செல்லாக்காசாக்கவும் ஒரு சொல் இருக்கிறது: 'ஜெர்ரிமேண்டர்', அதாவது தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட தொகுதி வரைபடத்தில் ஒரு தொகுதி பல்லி போன்ற சாலமாண்டராக வளைந்து நெளிந்திருந்தது; ஜெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்ததுதான் இந்தச் சொல். ஒரு பத்திரிகை அதற்குச் சிறகும் நகமும் வரைந்து கேலிச்சித்திரம் போட்டது. இந்தச் சொல் கடலைத் திரும்பக் கடந்ததும் உண்டு. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மை, ஆனால் வார்டுகளை வரைந்த விதத்தில் நகராட்சி புராட்டஸ்டன்ட் தரப்பின் கையில்தான் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் தன் பேரில் சொந்த வீடோ வாடகை வீடோ உள்ளவருக்கும் அவருடைய துணைக்கும் மட்டுமே ஓட்டு என்ற விதி வேறு. 1968இல் "ஒரு மனிதருக்கு ஓர் ஓட்டு" என்று தெருவுக்கு வந்தவர்கள் அமெரிக்கக் கருப்பினத்தவரின் போராட்டப் பாடலையே பாடினார்கள்.

இன்னமும் முடியாத பகுதி வாஷிங்டன் நகரம். தலைநகர்வாசிகளுக்குச் செனட்டில் இடமே இல்லை. கீழ்ச்சபையில் இருப்பவருக்கு மன்றத் தீர்மானங்களில் ஓட்டில்லை. அந்த நகரத்தின் மக்கள்தொகை வயோமிங், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களில் ஒவ்வொன்றையும்விட அதிகம். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே கார் நம்பர் பிளேட்டில் 'பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு' என்ற 1760களின் முழக்கத்தை அச்சிட்டு ஓட்டுகிறார்கள்.

இந்தச் சண்டைக்குள் வராத சொற்களும் உங்கள் பட்டியலில் நிறைய உண்டு. 'என்க்ளோஷர்', 'லட்டைட்', 'ஷேர்கிராப்பர்', 'நியூ டீல்' போன்றவற்றுக்கு நிலமும் கூலியும் என்ற இன்னொரு சண்டையைப் பிடியுங்கள். 1834 ஏழைகள் சட்டம் இரண்டுக்கும் பொது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். தனிக் கேள்வியாகக் கேட்டால் அதையும் எழுதுகிறேன்.